தகட்டில் இல்லாத மேடு

தல்வனீரா எதையும் ஒரே தடவையில் நம்பியதில்லை. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும், ஏறும்போது ஓட்டுநரிடம் ஒருமுறை கேட்பாள். உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் இன்னொருமுறை கேட்பாள். முகர்ந்து பார்க்காமல் பாலைக் காய்ச்சமாட்டாள். சலவைக்குப் போன சட்டை திரும்பி வந்தால் பொத்தான்களை எண்ணுவாள். "பரலோக வாசல்ல நின்னாக்கூட புனித பேதுருகிட்ட அடையாள அட்டை கேப்பா இவ" என்று ஆய்வுக்கூடத்தில் கேலி பேசுவார்கள். "சாவிய யார் வேணா கையில வெச்சிருக்கலாம்" என்பாள் அவள், சிரிக்காமல்.

இந்தக் குணம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. நாட்டின் வடகிழக்கே, செயாராவின் வறண்ட நிலத்தில், கல்யாணமாகி இரண்டாம் வருடம், கணவன் வேலை தேடி வடக்கே ஆற்றுப் பக்கம் போனான். அவனுக்கு எழுதத் தெரியாது. முதல் இரண்டு கடிதங்களும் யாரோ ஒரு குமாஸ்தாவின் கோணல் கையெழுத்தில் வந்தன. மூன்றாவது கடிதம் உருண்டை உருண்டையாக, பொறுமையான ஒரு பெண்ணின் கையெழுத்தில் வந்தது. செய்தி பழைய செய்திதான்: நலம், விரைவில் வருகிறேன். தல்வனீரா அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். மறு வாரம் பாத்திரங்களை அக்காவிடம் கொடுத்துவிட்டு, லாரியின் பின்பலகையில் ஏறி சாவோ பாவ்லோவுக்கு வந்துவிட்டாள். அவன் வரவே இல்லை என்பதைப் பிற்பாடு ஊரார் சொல்லி உறுதிசெய்துகொண்டாள்.

நகரத்தில் துணி ஆலையில் வேலை கிடைத்தது. கண்ணாடி மேசைமேல் ஓடும் துணியில் அறுந்த நூலையும் பிசகிய முடிச்சையும் கண்டுபிடிக்கும் வேலை. பதினோரு வருடம் அதைச் செய்தாள். பிறகு ஒருநாள், நகரின் மேற்கே இருந்த பல்கலைக்கழகம் ஒன்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது: கூர்மையான பார்வையும் பொறுமையும் உள்ள பெண்கள் தேவை, படிப்பு முக்கியமில்லை. முப்பது பேர் போனார்கள். ஆளுக்கு ஒரு நுண்ணோக்கியைக் காட்டி, கீழே இருக்கும் கண்ணாடித் துண்டில் சாய்ந்த கறுப்புக் கோடுகள் எத்தனை என்று எண்ணச் சொன்னார்கள். எல்லோரும் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். தல்வனீரா இரண்டு எண்களை எழுதினாள். "நாப்பத்தொண்ணு இருக்கு. ஆனா அதுல ரெண்டு மத்ததோட சேரல, நீளம் கம்மி. அத எண்ணணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். வளாகத்தில் எட்டு மாடி உயரத்துக்குக் கோபுரம்போல ஒரு முடுக்கி நின்றது. அதன் உச்சியிலிருந்து லித்தியம் அணுக்கருக்களைப் பல லட்சம் வோல்ட்டில் விரட்டிக் கீழே இறக்குவார்கள். லித்தியம் என்பது ஆல்பாத் துகள் ஒன்றும் டியூட்ரான் ஒன்றும் லேசாகக் கைகோத்த ஜோடி. அது மெல்லிய மெக்னீசியப் படலத்தில் மோதும்போது, சில சமயம் ஆல்பா மட்டும் மெக்னீசியத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்; டியூட்ரான் தனியாக வெளியே பறக்கும். உள்ளே போன ஆல்பா எந்த நிலையில் போய்க் குடியேறியது என்பதை, வெளியே வந்த டியூட்ரானின் வேகம் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய காந்தம் ஒன்று அந்த டியூட்ரான்களை வளைத்து, வேகத்துக்குத் தகுந்தபடி நீளமான ஒளிப்படத் தகட்டில் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் விழவைக்கும். தகட்டைக் கழுவி எடுத்தால், விழுந்த ஒவ்வொரு டியூட்ரானும் எறும்பு வரிசைபோல நுண்ணிய தடமாகத் தெரியும். கால் மில்லிமீட்டருக்கு எத்தனை தடம் என்று எண்ணி எழுத வேண்டும். எண்ணிக்கை திடீரென்று ஏறும் இடத்தை அவர்கள் மேடு என்பார்கள். மேடு இருந்தால் அங்கே ஆல்பா உட்காரும் ஒரு நிலை இருக்கிறது.

ஆனால் மேடு எங்கே வர வேண்டும் என்பது எண்ணும் பெண்களுக்குத் தெரியக் கூடாது. அது விதி. தெரிந்தால் கண் அங்கே போய்க் கூடுதலாகத் தேடுமாம். அதனால் தாள்களை எழுதிக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்த எண்கள் மேலே போய் என்னவாகின்றன என்று யாரும் வந்து சொன்னதில்லை. தல்வனீராவுக்கு இந்த விதி பிடித்திருந்தது. தன்னையும் நம்பாத ஓர் இடம் என்று நினைத்துக்கொள்வாள்.

அடுத்த நுண்ணோக்கியில் சொராய்டி. தல்வனீராவைவிடப் பதின்மூன்று வயது இளையவள், ஒன்பது வருடமாகப் பக்கத்து நாற்காலி. மதியம் தூக்குகளைத் திறந்தால் இவள் கறுப்பு பீன்ஸும் அவள் வறுத்த மரவள்ளி மாவும் மேசை நடுவில் கலந்துவிடும். சொராய்டியின் மகள் ஜசிராவுக்கு ஞானத்தாய் தல்வனீராதான். அந்த உறவில் ஒருவரை ஒருவர் கொமாத்ரி என்று அழைத்துக்கொள்வார்கள். தல்வனீரா உலகத்தில் இரண்டாம் தடவை கேட்காமல் நம்பிய ஆள் யாராவது உண்டென்றால் அது சொராய்டிதான். அப்படித்தான் அவளே நினைத்திருந்தாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மார்ச்சில் டாக்டர் வால்மோர் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தார். முப்பத்தைந்து வயது, ஐந்து வருடம் வெளிநாட்டில் இருந்தவர். வந்த மாதத்திலேயே முடுக்கியில் நேரம் வாங்கி, மெக்னீசியத்தின்மேல் லித்தியத்தை ஓடவிட்டார். பல கோணங்களில் தகடுகள் வைத்தார். பதினான்கு பாகையில் வைத்த தகடு சொராய்டிக்குப் போனது. இருபத்தோரு பாகையில் வைத்த தகடு, 391 என்று எண்ணிட்டது, தல்வனீராவுக்கு வந்தது.

எட்டு நாள் எண்ணித் தாளைக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் வால்மோர் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"தோனா தல்வனீரா, கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம். ஏன் டாக்டர், என் கண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. தாளில் ஓரிடத்தில் விரல் வைத்தார். "இந்த நூத்தி எண்பத்திரண்டாவது மில்லிமீட்டர் பக்கம் மூணு, ரெண்டு, மூணுன்னு எழுதியிருக்கீங்க. நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாக்காம எழுதினா மூணுன்னு எழுதமாட்டேன். பத்துன்னு எழுதுவேன். அது எழுத சுலபம்."

"இன்னொரு தடவ எண்ணுங்க."

எண்ணினாள். மூன்று, மூன்று, இரண்டு. தாளை வாங்கிக்கொண்டு அவர் போனார். போகும்போது சொராய்டியின் மேசையருகே நின்று அவளிடம் என்னவோ மெதுவாகக் கேட்டார். சொராய்டி தலையாட்டினாள். தல்வனீரா பார்வைக் குழாயின்மேல் குனிந்தபடியே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் 418 என்று எண்ணிட்ட புதிய தகடு வந்தது. நாற்பது மில்லிமீட்டர் ஓட்டியதும் ஓரத்தில் கழுவும்போது விழுந்த ஒரு கறை கண்ணில் பட்டது; மரவள்ளிக் கிழங்குபோல ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் வால் நீண்டு. இதை முன்பே பார்த்திருக்கிறோம் என்று அவள் கை நின்றது. தகட்டை வெளியே எடுத்து ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். 418 என்ற சீட்டுக்கு அடியில் 391 இருந்தது.

ஆனாலும் தகட்டைத் திரும்ப வைத்து, முனை முதல் முனை வரை முழுதையும் எண்ணினாள். தாளின் அடியில் எழுதினாள்: "இது 391. மூன்றாம் தடவை எண்ணியிருக்கிறேன். நான்காம் தடவை வேண்டுமென்றால் சீட்டு ஒட்டச் சிரமப்பட வேண்டாம், நேரில் சொன்னால் போதும்."

வால்மோர் முகம் சிவக்க வந்தார். "உங்கள அவமானப்படுத்தணும்னு செய்யல. பக்கத்து மேசையில அதே நிலைக்கு இருபத்தெட்டு, முப்பத்தொண்ணுன்னு மேடு வருது. உங்ககிட்ட மூணு. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது."

பேசக் கூடாததைப் பேசிவிட்டோம் என்று அவருக்கு உடனே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

அன்று முதல் தல்வனீரா சொராய்டியைக் கவனிக்கத் தொடங்கினாள். சந்தேகம் வந்த கண்ணுக்கு எல்லாமே சாட்சிதான். சொராய்டி தாள் எழுதி முடித்ததும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து அதில் என்னவோ குறிப்பாள். யாராவது வந்தால் நோட்டு மேசை இழுப்பறைக்குள் போகும். இதற்கு முன்னும் அப்படித்தானா? தல்வனீராவுக்கு நினைவில்லை. வால்மோர் நடைபாதையில் அவளிடம் பேசுகிறார்; ஒருநாள் ஜெர்மன் சாக்லேட் ஒன்று அவள் மேசையில் இருந்தது. மதியம் சொராய்டி அதை உடைத்துப் பாதியை நீட்டினாள்.

"இந்தா கொமாத்ரி, தின்னு. டாக்டர் எல்லாருக்கும் குடுத்தாராம்."

"எனக்குக் குடுக்கல."

"உன்கிட்ட குடுக்க பயந்திருப்பாரு. நீ முதல்ல காகிதத்தப் பிரிச்சு தேதி பாப்ப."

வழக்கமான கேலிதான். தல்வனீரா சாக்லேட்டைத் தொடவில்லை. அவள் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது: ஜூலையில் வால்மோருக்கு வெளிநாட்டில் மாநாடு. கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிவிட்டார் என்று அலுவலகத்தில் பேச்சு. அவருக்கு மேடு வேண்டும். மேடு எங்கே வேண்டும் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். சொராய்டி அவருக்கு வேண்டியதை எண்ணிக் கொடுக்கிறாள்.

மறுநாள் மதியம் சொராய்டி கை கழுவப் போன நேரம், தல்வனீரா அவள் இழுப்பறையைத் திறந்தாள். பூட்டு இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஏற்ற இறக்கமான கோடு. நூற்றி எண்பத்திரண்டுக்கு மேலே கோபுரம்போல ஒரு மேடு, அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம். எண்ணும் பெண்களிடம் இருக்கவே கூடாத வரைபடம். தல்வனீரா நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியை இர்மாவின் அறைக்குப் போனாள்.

இர்மாதான் அந்தக் குழுவின் தலைவி. அறுபது வயது, குட்டையான உருவம், ஒரு நாளைக்கு இருபது சிறு கோப்பைக் காப்பி. நோட்டைப் பார்த்தாள், தல்வனீராவைப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"அவ மேசையில."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா மறைச்சிருப்பா, புரொஃபசோரா."

இர்மா பெருமூச்சு விட்டு நோட்டைத் தன் அலமாரியில் வைத்தாள். விசாரணை முடியும்வரை சொராய்டி நுண்ணோக்கியைத் தொட வேண்டாம் என்று உத்தரவானது. தகடு கழுவும் இருட்டறைக்கு அனுப்பினார்கள். இர்மா கூப்பிட்டுக் கேட்டபோது சொராய்டி, "அது என் எண்ணிக்கைதான், நானே வரைஞ்சது" என்பதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். வால்மோர் தன் பங்குக்கு, தான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை, அன்று சொராய்டியிடம் கேட்டதும் நன்றாகப் பார்த்தாளா என்று மட்டும்தான் என்று சத்தியம் செய்தார். அதையும் யாரும் முழுதாக நம்பவில்லை.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் சொராய்டி காத்திருந்தாள். மே மாதக் குளிர் தொடங்கியிருந்தது. தல்வனீரா விலகி நிற்கப் பார்த்தாள். அவள் எதிரே வந்து நின்றுகொண்டாள்.

"என் மேசையத் திறந்தீங்களா, தோனா தல்வனீரா?"

ஒன்பது வருடத்தில் அவள் வாயில் கொமாத்ரிக்குப் பதில் தோனா என்ற மரியாதைச் சொல்லோடு பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

"திறந்தேன்."

"திருட்டுன்னு தோணலையா?"

"நீ செஞ்சது என்ன? டாக்டருக்கு வேணுங்கற இடத்துல மேடு கட்டிக் குடுக்கறது பேரு என்ன?"

சொராய்டிக்குக் கண் கலங்கியது, ஆனால் குரல் உடையவில்லை. "பஸ்ஸுக்குள்ள ஏறினா டிரைவர்கிட்ட ஒரு தடவ, பக்கத்துல இருக்கறவன்கிட்ட ஒரு தடவ கேப்பீங்க. பால்காரன்கிட்ட ரெண்டு தடவ. ஊர் பேர் தெரியாதவன்கிட்டல்லாம் ரெண்டு ரெண்டு தடவ கேக்கற வாய், என்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கலையே. அந்த நோட்டு என்னடின்னு ஒரு வார்த்த."

பேருந்து வந்தது. சொராய்டி ஏறினாள். தல்வனீரா ஏறவில்லை. அடுத்த வண்டிக்கு அரை மணி நேரம் நின்றாள்.

அவள் அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று நெளியத் தொடங்கியிருந்தது. அந்த வரைபடத்தை மனத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மேடு ஒருபுறம் இருக்கட்டும்; மேட்டைச் சுற்றி இருந்த சின்னச் சின்னக் கோணல்கள்? ஐந்து, நான்கு, ஏழு, நான்கு என்று தட்டுத்தடுமாறிய கோடு. ஏமாற்ற வரைகிறவள் இவ்வளவு அசிங்கமாக வரைவாளா? துணி ஆலையில் பார்த்திருக்கிறாள்: குறையை மறைத்து நெய்தவனுடைய துணி எப்போதும் மற்றதைவிட ஒழுங்காக இருக்கும்.

அப்படியென்றால் தவறு யாரிடம்? மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். சனிக்கிழமை பின்யெய்ரோஸில் ஒரு கண் மருத்துவரிடம் போனாள். எழுத்துப் பலகையைப் படித்தாள். அவர் விளக்கை அணைத்து, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, நெடுநேரம் பார்த்தார். "இந்த வயசுக்கு அருமையான கண்ணு. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி கொஞ்சம் மாத்தலாம், மாத்தாட்டியும் ஒண்ணும் இல்ல" என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். தெருமுனையில் இருந்த இன்னொரு மருத்துவரிடமும் போனாள். அவரும் அதையேதான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை இர்மாவின் அறைக்கதவைத் தட்டினாள்.

"புரொஃபசோரா, என் கண்ணு சரியா இருக்கு. ரெண்டு டாக்டர் சொல்லிட்டாங்க. சொராய்டி கண்ணும் சரியாத்தான் இருக்கும்னு இப்போ எனக்குத் தோணுது. ஆனா தோணறத நான் நம்பறதில்ல. என் தகட்ட அவ எண்ணட்டும். அவ தகட்ட நான் எண்ணறேன். நம்பர மறைச்சுக் குடுங்க."

இர்மா காப்பிக் கோப்பையை வைத்தாள். "அவளத் திரும்ப நுண்ணோக்கிக்குக் கூப்பிடச் சொல்றீங்களா?"

"ஆமா. நான்தான் அனுப்பினேன். நான்தான் கூப்பிடணும். ஆனா என் வாயால கூப்பிட்டா வரமாட்டா."

இதைக் கேட்ட வால்மோருக்கு வேறு சந்தேகம் வந்தது. "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போறவங்க. ஞான உறவு வேற. பேசி வெச்சுக்கிட்டு எழுதினா?" என்றார்.

"பேசறதா?" என்றாள் இர்மா. "போன வாரம் நடைபாதையில ஒருத்திய ஒருத்தி பாத்துட்டு சுவத்தோட ஒட்டிக்கிட்டுப் போனாங்க. நீங்க கவனிக்கல போல."

ஆனாலும் இர்மா எல்லா ஓட்டைகளையும் அடைத்தாள். சீட்டுகளின்மேல் தானே கறுப்பு நாடா ஒட்டினாள். தகடுகளைத் தன் அலமாரியில் பூட்டி வைத்து, தானே எடுத்துக் கொடுத்தாள். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதையும் மாற்றிவிட்டாள். சொராய்டிக்குக் காலை, தல்வனீராவுக்கு மதியம்; இருவரும் ஒரே நேரம் அறையில் இருக்கக் கூடாது. கூடவே அதே சோதனை ஓட்டத்திலிருந்து வேறு இரண்டு கோணத் தகடுகளையும் சேர்த்தாள். ஆளுக்கு மூன்று.

தல்வனீரா வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எண்ணியதில்லை. ஒவ்வொரு பட்டையையும் மேலிருந்து கீழ் ஒருமுறை, கீழிருந்து மேல் ஒருமுறை. முதல் தகட்டில் தொண்ணூறாவது மில்லிமீட்டரைத் தாண்டியதும் தடங்கள் அடர்ந்தன. ஆறு, பதினொன்று, பத்தொன்பது, இருபத்தேழு. மறுமுனையிலிருந்து அளந்தால் அது நூற்றி எண்பத்திரண்டாவது மில்லிமீட்டர். எல்லாம் ஒரே சாய்வு, ஒரே நீளம்; ஒன்றுகூடப் போலி இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே எண்ணும் கருவி கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டே போனது. அவள் கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தாள். எந்தத் தகடு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சொராய்டி பார்த்தது இதைத்தான். உள்ளதைத்தான் பார்த்திருக்கிறாள்.

அன்றைய பங்கில் இன்னும் முப்பது பட்டை எண்ண வேண்டியிருந்தது. எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

மூன்றாம் வாரம் இர்மா தன் அறையில் தாள்களை விரித்தாள். வால்மோர் ஒரு பக்கம் நின்றார். இரண்டு பெண்களையும் அவள் உட்காரச் சொன்னாள். அந்த ஆய்வுக்கூடத்தில் எண்ணும் பெண்கள் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சொராய்டி கதவருகே இருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டாள்.

"பதினாலு பாகைத் தகடு" என்றாள் இர்மா. "சொராய்டி முன்னாடி எண்ணினது உச்சியில முப்பத்தொண்ணு. தல்வனீரா எண்ணினது இருபத்தேழு. இத நான் ஒரே எண்ணிக்கைன்னுதான் சொல்வேன். இருபத்தோரு பாகை, 391. தல்வனீரா மூணு தடவையும் ரெண்டு மூணுக்கு மேல போகல. சொராய்டி எண்ணினது நாலு. நாலு கண்ணும் சரி, வால்மோர்."

வால்மோர் தாள்களை மாறி மாறிப் பார்த்தார். "அப்போ தகட்டுல ஏதோ பழுது. கழுவினதுல..."

"மத்த மேடெல்லாம் 391-ல இருக்கே. அதே தகட்டுல, அதே அளவுல. ஒண்ணு மட்டும் எப்படி அழியும்?"

இர்மா மற்ற இரண்டு கோணங்களின் தாள்களையும் வரிசையில் வைத்தாள். ஏழு பாகையில் நடுத்தரமாக ஒரு மேடு, பதினான்கில் உச்சி, இருபத்தொன்றில் பள்ளம், இருபத்தெட்டில் மறுபடி ஒரு சிறிய மேடு. ஆல்பா உள்ளே போகும்போது எவ்வளவு சுழற்சியைக் கொண்டுபோகிறதோ, அதைப் பொறுத்து டியூட்ரான்கள் சில கோணங்களில் குவியும், சில கோணங்களில் வறண்டுபோகும். வால்மோர் அந்த நிலைக்குச் சுழற்சியே இல்லை என்று நம்பி, சுருக்கத்திலும் அப்படியே எழுதி அனுப்பியிருந்தார். அவர் கணக்குப்படி இருபத்தொன்றில் நல்ல மேடு நின்றிருக்க வேண்டும். இல்லை என்றதும், கணக்கைச் சந்தேகப்படுவதைவிடக் கிழவி கண்ணைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அவர் இர்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலால் என்னவோ போட்டார். நேரமானது. காது மடல் சிவந்தது.

"ரெண்டு" என்றார் கடைசியில். "சுழற்சி ரெண்டா இருந்தா சரியா வருது. பூஜ்யம் இல்ல."

"மாநாட்டுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"திருத்தி அனுப்பறேன்." பிறகு தல்வனீராவைப் பார்த்தார். "தோனா தல்வனீரா, நான் உங்க..."

"எனக்கு அப்புறம் சொல்லுங்க டாக்டர்" என்றாள் அவள். "நான் முதல்ல வேற ஒருத்திகிட்ட சொல்ல வேண்டியிருக்கு."

ஆனால் அதற்குள் சொராய்டி எழுந்து போய்விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தல்வனீரா சோள மாவில் கேக் செய்து எடுத்துக்கொண்டு ஒசாஸ்கோவில் சொராய்டியின் வீட்டுக்குப் போனாள். தெருவெங்கும் ஜூன் திருவிழாவுக்குக் காகிதக் கொடிகள் கட்டியிருந்தார்கள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஜசிரா ஓடிவந்து ஞானத்தாயின் கையை முத்தமிட்டாள். சொராய்டி கம்பிக்கதவுக்கு உள்ளேயே நின்றாள்; திறக்கவில்லை.

"நான் செஞ்சது தப்பு" என்றாள் தல்வனீரா. வழியெல்லாம் நீளமாகப் பேசத் தயாராகி வந்தவளுக்கு அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. "கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏன் கேக்கல?"

தல்வனீரா யோசித்தாள். பொய் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. "கேட்டா நீ ஏதாவது சொல்லுவ. சொன்னா நான் நம்பிடுவேன். நம்பினப்புறம் அது பொய்யா இருந்தா என்ன செய்யறதுன்னு பயம். அந்த உருண்டைக் கையெழுத்துக் கடிதாசி வந்தப்போகூட நான் அவனத் தேடிப் போய்க் கேக்கல. லாரி ஏறிட்டேன்."

சொராய்டி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் நான்கு நோட்டுகள். இர்மா திருப்பிக் கொடுத்த அந்தக் கட்ட நோட்டு ஒன்று, பழையவை மூன்று. கம்பிகளுக்கிடையே நீட்டினாள். தல்வனீரா புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் மலைத்தொடர்கள். ஒவ்வொரு தகட்டிலும் சொராய்டி எண்ணியதெல்லாம் வரைபடமாக இருந்தது. தேதி, தகட்டு எண், உச்சியில் ஒரு சிவப்பு வட்டம்.

"ஒம்பது வருஷமா எண்ணறேன்" என்றாள் சொராய்டி. "மூணு, அஞ்சு, ஏழுன்னு எழுதிக் குடுக்கறோம், அவங்க எடுத்துட்டுப் போறாங்க. என்னத்த எண்ணினோம்னு ஒருத்தனாவது காட்டியிருக்கானா? எனக்குப் பாக்கணும்னு இருந்துச்சு. எண்ணி முடிச்சுத் தாளக் குடுத்தப்புறம்தான் வரைவேன். முன்னாடி ஒருநாளும் இல்ல. விதி எனக்கும் தெரியும்."

தல்வனீரா ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள். பதினேழு வருடமாக எண்ணியும் ஒருநாளாவது தனக்கு அந்த ஆசை வந்ததில்லையே என்று நினைத்துக்கொண்டாள். "அழகா இருக்குடி" என்றாள்.

"கேக்கை ஜசிராகிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றாள் சொராய்டி. கதவு திறக்கவில்லை.

அலுவலகத்தில் சில விஷயங்கள் மாறின. எண்ணி முடித்த தகட்டின் வரைபடத்தை எண்ணியவளுக்குக் காட்ட வேண்டும் என்று இர்மா விதி எழுதினாள். முன்னால் அல்ல, பின்னால். வால்மோர் ஜூலையில் திருத்திய கட்டுரையோடு போய், நல்ல பெயரோடு திரும்பினார். மாநாட்டில் ஒரு கிழட்டு ஜப்பானியர் எழுந்து, அந்தப் பள்ளம் நிஜம்தானா, எண்ணியவர்களை நம்பலாமா என்று கேட்டாராம். "அவங்களே ஒருத்திய ஒருத்தி நம்பல சார், அதனால நீங்க நம்பலாம்" என்று தான் சொன்னதாக வால்மோர் வந்து சொன்னார். அறையில் இருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். சொராய்டி சிரிக்கவில்லை. அவள் தன் நுண்ணோக்கியை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டிருந்தாள். தூக்கை அங்கேயே திறந்தாள். வேறு பேருந்தில் போனாள்.

தல்வனீரா அவளைத் தொந்தரவு செய்யவில்லை. காலையில் வணக்கம் சொல்வாள். பதில் வணக்கம் வரும். ஜசிராவின் பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பினாள்; நன்றி என்று ஒரு சீட்டு வந்தது, சொராய்டியின் கையெழுத்தில். அந்தச் சீட்டை அவள் இரண்டாம் தடவை படிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒருநாள் முற்பகல், மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. சொராய்டி தகடு ஒன்றைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்து தல்வனீராவின் மேசைமேல் வைத்தாள்.

"இத ஒரு தடவ பாருங்க" என்றாள். "அறுபத்தி நாலுலேர்ந்து அறுபத்தி ஆறு வரைக்கும். என் எண்ணிக்கை மேல எனக்கே சந்தேகமா இருக்கு."

"நீ எவ்வளவு எழுதின?"

"சொல்லமாட்டேன். சொன்னா உங்க கண்ணு அங்க போயிடும்."

தல்வனீரா தகட்டை நுண்ணோக்கிக்குக் கீழே பொருத்தினாள். சொராய்டி ஜன்னலோரத்துக்குத் திரும்பிப் போகாமல், பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.